இஞ்சின் நின்ற பத்து நிமிடம்

தண்ணீருக்குள் போகிற எந்தச் சாமானையும் சைக்கிள் டியூப் சுற்றாமல் அந்தக் கடலோரத் துறையில் யாரும் கடலுக்கு அனுப்புவதில்லை. டார்ச் லைட்டுக்கு டியூப், செல்போனுக்கு டியூப், மண்ணெண்ணெய் கேனின் மூடிக்கு டியூப். கல்யாணத்துக்குக் கிடைத்த வாட்சை டியூப் சுற்றிக் கையில் கட்டிக்கொண்டு போய், மணி பார்க்க முடியாமல் திரும்பி வந்தவன்கூட உண்டு. ராஜாக்கமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ரசலையன், இந்தத் துறையில் சைக்கிள் நாலு, டியூப் நானூறு என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேலி பேசுவார். அது கேலியாகவே இருந்திருக்கலாம். ஆனி மாதத்து அந்தப் புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு, சகாயசெல்விக்கு அது கேலியாக இல்லாமல் போனது.

அவள் கணவன் மரியானும், மரியானின் அக்காள் பிரீனாவின் மகன் பிபினும் செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு ஃபைபர் வள்ளத்தில் வலை ஏற்றிப் போனவர்கள். விடியும்முன் கரை பிடித்திருக்க வேண்டும். இரவு மேற்கிலிருந்து கச்சான் காற்று ஊரைப் போட்டு உலுக்கியது. காலையில் மற்ற வள்ளங்கள் நனைந்து, நொந்து, ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அந்த ஒரு வள்ளம் வரவில்லை. ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. ஏழு மணிக்கு நாற்பது வள்ளம் தேடப் போனது. மழை மூட்டத்தில் நூறடிக்கு அப்பால் தெரிவது வள்ளமா அலையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

செல்வி காலையில் அடுப்பில் மரச்சீனிக் கிழங்கை வேகப் போட்டிருந்தாள். கிழங்கு பாதி வேகும்போது மணிச்சத்தம் கேட்டு அடுப்பை அணைத்தாள். அந்தப் பாதிக் கிழங்கு மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. பயம் அவளை அப்படித்தான் பிடித்திருந்தது. பெரியதை நினைக்க விடாமல், சின்னச் சின்னதாக எதையாவது காட்டிக்கொண்டிருந்தது.

தேடிவிட்டுக் கரைக்கு வந்த சுதனின் வள்ளத்திலிருந்து இரண்டு பேர் கைத்தாங்கலாக ஜெப்சனை இறக்கினார்கள். ஜெப்சன் தக்கலைக்காரன். கடலைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவன். வள்ளம் ஆடத் தொடங்கும் முன்பே வாந்தி எடுத்துவிடுவான். ஒரு கடல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. ஆறு மாதத்துக்கு முன்னால் அவன்தான் இந்தத் துறையில் பன்னிரண்டு வள்ளக்காரர்களுக்கு ஆளுக்கொரு குழாய் கொடுத்தான். சாண் நீளம், கட்டைவிரல் தடிமன். வலையோடு கட்டிவிட்டால் தண்ணீருக்குள் நாலு செக்கண்டுக்கு ஒரு தரம் டிக் என்று சத்தம் போடும். வலை அறுந்து கடலோடு போனால், தண்ணீருக்குள் மைக்கை இறக்கி அந்தச் சத்தத்தைக் கேட்டு, எந்தத் திசையில் கிடக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஊர்க்காரர்கள் அதற்கு வண்டு என்று பெயர் வைத்தார்கள்; ஜெப்சன் சாரைச் 'சாறு' என்று கூப்பிட்டார்கள். மரியானின் வலையிலும் ஒரு வண்டு இருந்தது. காலையில் ஜெப்சனைத் தக்கலையிலிருந்து பைக்கில் தூக்கிக்கொண்டு வந்ததே அதற்காகத்தான்.

"வண்டு சத்தம் இல்ல அக்கா," என்றான் ஜெப்சன். உதடு வெளுத்திருந்தது. "தெக்குப் பாரைச் சுத்தி நாலு எடத்துல மைக்கை எறக்கிப் பாத்தாச்சு. வலை அங்க கெடந்தா கேட்டிருக்கணும். ஜனவரியில நான் ரெண்டு மைலுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டிருக்கேன்."

"அவிய தெக்குப் பாருக்குத்தான் போறேன்னு சொன்னாவ," என்றாள் செல்வி. தெக்குப் பாரு என்பது கடலுக்குள் மூன்று மைலில் மூழ்கிக் கிடக்கும் பாறைத்தொடர். மரியானுக்குப் பழகிய இடம்.

"எனக்கிட்டயும் அப்பிடித்தான் சொன்னான்," என்றார் சுதன். மரியானின் கூட்டாளி. அன்றைய தேடலுக்கு அவர்தான் தலைவர். "ஆனா வண்டு இல்லன்னு சாறு சொல்லுதாரே. அப்பம் ராத்திரி நீவாட்டு ஒழுக்குல வள்ளம் கெழக்க போயிருக்கும். எல்லா வள்ளத்தையும் கன்னியாகுமரி பக்கம் திருப்பச் சொல்லப்போறேன். தெக்க நின்னு நேரத்தைக் களைய ஏலாது."

பக்கத்தில் நின்ற பிரீனா செல்வியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "கெழக்க போவட்டும் சுதா. வேகம் போவட்டும். எனக்க பிள்ளை மத்தியானக் கஞ்சிகூட குடிக்காம போனான்," என்றாள்.

சுதன் வள்ளத்தைப் பார்த்துத் திரும்பினார். செல்விக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அடுத்த வீட்டு வள்ளத்து வண்டுக்குள் தண்ணீர் ஏறி அது செத்துப்போனது. ஜெப்சன் வந்து, யார் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, வண்டைத் திரும்ப வாங்கிப்போனான். மரியானுக்கு அந்த வண்டின் மேல் ஒரு பெருமை. பன்னிரண்டு பேரில் ஒருத்தன் என்று சாயாக்கடையில் சொல்லிக்கொள்வான். அவனுடைய பெருமையில் தண்ணீர் ஏறிவிடக்கூடாதென்று, அன்று மத்தியானம் மீன் விற்றுவிட்டு தக்கலைச் சந்தையிலிருந்து வரும் வழியில், செல்வி ரசலையன் கடையில் பழைய டியூப் ஒன்று வாங்கினாள். முற்றத்தில் உட்கார்ந்து நீளவாக்கில் கிழித்து, பல்லால் கடித்து இழுத்து, வண்டுக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். அவளுக்கு அது பிள்ளைக்குக் குல்லா போடுகிற மாதிரியான வேலை. போன வாரம் ஜெப்சன் வந்து கையில் இருந்த தாளைப் பார்த்து, வண்டுக்கு மேல் ஏதாவது சுற்றினீர்களா, ஒட்டினீர்களா என்று கேட்டான். இதையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து, இல்லை என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அந்த 'இல்லை'யை நம்பி நாற்பது வள்ளம் கிழக்கே போகப் போகிறது.

சொல்லிவிட வேண்டும். சொன்னால், என் கையால்தான் ஆயிற்று என்று ஊர் முழுக்கத் தெரியும். அது பரவாயில்லை. சொன்ன பிறகும் கிடைக்காமல் போனால், சாகிற நாள் வரைக்கும் பிரீனாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? சுதன் முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"சுதன் அண்ணா, போவாண்டாம்," என்றாள் செல்வி. "சாறே, தெக்க இல்லன்னு சொல்லாதீங்க. வண்டுக்கு நான் டியூபு சுத்துனேன். நீங்க கேட்டப்பம் கள்ளம் சொன்னேன்."

ஜெப்சன் வாயைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "என்ன டியூபு?"

"சைக்கிள் டியூபு. மூணு சுத்து."

"இறுக்கமாவா?"

"பல்லால கடிச்சு இழுத்துக் கட்டுனேன்."

பிரீனாவின் கை செல்வியின் கையை விட்டது. ஜெப்சன் மணலில் அப்படியே உட்கார்ந்தான். திட்டுவான் என்று செல்வி காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. கணக்குப் போடுகிறவன் போல விரலால் மணலைக் கீறிக்கொண்டிருந்தான்.

"அப்பம் அது அங்க சத்தம் போட்டுக்கிட்டுத்தான் கெடக்கும்," என்றான் கடைசியில். "நான்தான் கேக்கல. டியூபுக்கு உள்ள காத்து நிக்கும் அக்கா. காத்தைத் தாண்டிச் சத்தம் தண்ணிக்குள்ள போவாது. பத்துல ஒரு பங்கு போனா பெரிசு. இவ்வளவுக்குக் கொறஞ்ச சத்தத்தை எல்லாம் இரைச்சல்னு தள்ளிரச் சொல்லி நானேதான் கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்கேன். அது தள்ளிட்டு."

"தள்ளாண்டாம்னு சொல்லுங்க," என்றார் சுதன்.

"சொல்லலாம். சொன்னா எல்லா இரைச்சலும் உள்ள வரும். பாருக்குள்ள ஒரு சாதி எறாலு கெடக்கு, லட்சக்கணக்குல. கடுகு பொட்டுத மாதிரி எப்பவும் பொட்டிக்கிட்டே இருக்கும். வண்டு சத்தம் இப்பம் அந்தக் கடுகுக்கும் அடியில கெடக்கு."

"கேக்க வழி உண்டுமா, இல்லியா?" என்றாள் செல்வி.

"உண்டு. கோயில்ல ஜனம் ஒக்கச் சேந்து பேசிக்கிட்டு நிக்குதுன்னு வையுங்க. ஒருத்தன் மட்டும் சரியா நாலு செக்கண்டுக்கு ஒருக்கா இருமுதான். ஒரு இருமலை வச்சு ஆளைப் பிடிக்க ஏலாது. நூத்தம்பது இருமலை ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கிப் பாத்தா, பேச்சு ஒண்ணையொண்ணு அழிச்சிரும். இருமல் மட்டும் மிச்சம் நிக்கும். வண்டு நாலு செக்கண்டு தவறாது. எறாலுக்குத் தாளம் கெடையாது. அதனால அழிஞ்சிரும்."

"பொறவென்ன, அடுக்குங்க."

"நூத்தம்பது டிக்குக்குப் பத்து நிமிசம் ஆவும்." ஜெப்சன் சுதனைப் பார்த்தான். "அந்தப் பத்து நிமிசம் கடல்ல ஒரு இஞ்சினும் ஓடப்பிடாது. இஞ்சினுக்கும் தாளம் உண்டு. அது அழியாது. நாப்பது இஞ்சின் ஓடுனா நான் எதையும் கேக்க மாட்டேன்."

சுற்றி நின்ற பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். தக்கலையில் பிறந்தவனுக்கு, தான் என்ன கேட்டுவிட்டோம் என்று தெரியவில்லை.

அந்தத் துறையில் தேடப் போன வள்ளங்கள் இஞ்சினை நிறுத்துவது ஒரே ஒரு காரியத்துக்கு. சவத்தைக் கண்டவன் இஞ்சினை நிறுத்தித் துடுப்பை மேலே தூக்கிப் பிடிப்பான். அதைப் பார்த்தவன் நிறுத்துவான். அவனைப் பார்த்து அடுத்தவன். கடல் முழுக்க அடங்கிய பிறகு மரித்தவனுக்காக ஜெபம் சொல்வார்கள். கரையில் நிற்பவர்களுக்குச் சேதி வந்து சேரும் முன்பே அந்த மௌனம் வந்து சேர்ந்துவிடும். அதனால் தேடும்போது கேன் மாற்றுவதானால்கூட இஞ்சினை ஓட விட்டே மாற்றுவார்கள். உயிரோடு மிதக்கிறவன் காதில் இஞ்சின் சத்தம் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், ஆள் வருகிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றார் சுதன். "எந்த வாயி சொல்லும் அதை?"

"நான் சொல்லுதேன்," என்றாள் செல்வி.

வயர்லெஸ் பெட்டி கோயிலை ஒட்டிய மண்டபத்தில் இருந்தது. செல்வி படியேறும் முன்பே பிரீனா ஓடிப்போய் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, எனக்க பிள்ளை உசிரோட கெடக்கான். அவனுக்கு நீ சாவு சொல்லுவியா?"

"சாவு சொல்லல்ல மைனி. கேக்கதுக்கு."

"கடலுக்குத் தெரியுமா அது? நாப்பது இஞ்சினும் நின்னா கடலு என்ன நெனைக்கும்? எடுத்துக்கிடச் சொல்லியாச்சுன்னு நெனைக்கும். எனக்க மாப்பிளைக்கு நின்னுது. எனக்க கொளுந்தனுக்கு நின்னுது. நின்ன பொறவு ஆராவது நடந்து வந்து நீ கண்டிருக்கியா?"

"காணல்ல."

"டியூபைச் சுத்துனது நீ. கள்ளம் சொன்னது நீ. அதுக்கு எனக்க மகன் தலையில மண்ணள்ளிப் போடணுமா?"

பிரீனா சொன்னதில் பாதியைச் செல்வியும் நம்பினாள். அவளும் அதே கரையில் பிறந்தவள். இஞ்சின் நிற்கிற சத்தம் கேட்டால் அவளுக்கும் மயிர் சிலிர்க்கும்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு மைனி," என்றாள். "நிறுத்துனா அவிய செத்துருவாவளோன்னு பயம். நிறுத்தாம எல்லாரும் கெழக்க போனா, நிச்சயமா செத்துருவாவ. ரெண்டு பயத்துல சின்னதை எடுக்கேன். அவ்வளவுதான். எனக்க மாப்பிளையும் அங்கதானே கெடக்காவ."

பிரீனா கையை இறக்கவில்லை. செல்வி குனிந்து அவள் கைக்குக் கீழே நுழைந்து உள்ளே போனாள்.

மைக்கை எடுத்ததும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நான் மரியானுக்க பெண்டாட்டி பேசுதேன்," என்றாள். "சாறு மறுபடியும் தெக்குப் பாருக்கு வருதாரு. சுதன் அண்ணன் இப்பம்னு சொல்லும்போ எல்லா வள்ளமும் இஞ்சினை நிறுத்தணும். பத்து நிமிசம்."

கொஞ்ச நேரம் பெட்டி கரகரத்தது. பிறகு ஒரு குரல், "ஆரைக் கண்டாச்சு?" என்றது.

"ஆரையும் காணல்ல. சவம் ஒண்ணும் கையில கெட்டல்ல. வண்டு சத்தம் கேக்கணும், அதுக்குத்தான்."

"இந்தக் கடல்ல இஞ்சினை நிறுத்துனா வள்ளம் குறுக்க விழும் பிள்ளே."

"தெரியும்," என்றாள் செல்வி. "கேக்கேன். உங்க எல்லாரையும் கேக்கேன். நிறுத்துங்க."

ஜெப்சன் மறுபடி வள்ளத்தில் ஏறியபோது இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். யாரும் கேலி செய்யவில்லை. ஒருத்தி பால் விடாத கட்டஞ்சாயா நீட்டினாள். வேண்டாம், எப்படியும் வெளியே வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒன்றரை மணிக்குச் சுதனின் குரல் வந்தது. "இப்பம்."

கடலிலிருந்து காலை முதல் கேட்டுக்கொண்டே இருந்த முனகல் மெலிந்தது. ஒவ்வொரு இஞ்சினாக அடங்கியது. கடைசியில் எங்கோ ஒன்று மட்டும் தனியாக ஓடி, அதுவும் நின்றது. அலையும் காற்றும் மட்டும் இருந்தன.

கரையில் தள்ளித் தள்ளி நின்ற பெண்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பதற்ற வெப்ராளத்தில் செல்விக்கும் தோன்றவில்லை. மௌனம் வந்து சேர்ந்ததும் ஒருத்தி அலறினாள். பிறகு கரை முழுக்க மாரில் அடித்துக்கொண்டு அழுதது. அந்த அழுகை மண்டபத்துக்குள் வந்தபோது, இல்லை, இது அதற்கில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செல்வி எண்ணத் தொடங்கினாள். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு. டிக். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு. டிக். எண்ணுவதை விட்டால் அந்த வண்டும் நின்றுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

வாசலில் உட்கார்ந்திருந்த பிரீனா முந்தானையை வாய்க்குள் திணித்திருந்தாள்.

"செல்வி, எனக்க வள்ளத்துல தண்ணி ஏறுது," என்றது பெட்டி. "இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஆறு நிமிசம் அண்ணா."

"கோரிக்கிட்டு இருக்கோம்."

அவளுக்காக நாற்பது வள்ளத்தில் எண்பது பேர் அலைக்குக் குறுக்கே கிடக்கிறார்கள். அதில் ஒன்று கவிழ்ந்தால் என்ன செய்வது? அந்தக் கேள்வியையும் அவள் நாலு நாலாக எண்ணித் தள்ளினாள்.

பெட்டியில் யாரோ ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. அதன் பின்னால் ஜெப்சனின் குரல். "இருக்கு அக்கா. கேக்குது. தெக்கு, கொஞ்சம் மேக்க. சுதன் அண்ணா, இஞ்சினை எடுங்க, எடுங்க."

ஒரு இஞ்சின் உறுமியது. பிறகு நாற்பதும். செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று மணிக்கு மரியானைக் கொண்டுவந்தார்கள். வள்ளம் கவிழ்ந்து, முன்தலையில் கட்டிய வலை கீழே தொங்கிப் பாரில் மாட்டிக்கொண்டதால் வேறெங்கும் போகாமல் கிடந்திருக்கிறது. அவன் அதன் முதுகில் குப்புறப் படுத்து, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கிடந்தான். நெஞ்சுத் தோல் வழன்றிருந்தது, உதடு உப்பில் வெடித்திருந்தது. செல்வி அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். உயிர் இருந்தது, சூடும் இருந்தது. அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் சந்தோஷம் வந்தது. அதே நொடியில், சுதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதையும் பார்த்தாள். வள்ளத்தில் இன்னொரு ஆள் இல்லை.

மரியான் கண்ணைத் திறந்து அக்காளைத் தேடினான்.

"பிபினை எங்க கெடத்தியிருக்கு?" என்றான்.

பிரீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கண்டாச்சுல்லா?" என்றான் மரியான். "எல்லா இஞ்சினும் நின்னுதே. நான் கேட்டேன். அவனுக்காவ ஜெபம் சொல்லி முடிச்சேன்."

"அவன் உனக்கக் கூட இல்லியா?" என்றாள் பிரீனா.

"வெள்ளாப்பு வெளுக்கது வரைக்கும் எனக்கப் பக்கத்துலதான் கெடந்தான். ஒரு இஞ்சின் சத்தம் கேட்டுது. நமக்க ஆளுவதான் மாமா, நான் போய்க் கூட்டிக்கிட்டு வாறேன்னு சொன்னான். போவாண்டாம் மக்கா, சத்தம் எங்கேந்து வருதுன்னு தெரியல்லன்னு சொன்னேன். கேக்காம நீந்திப் போனான்." மரியான் அக்காளின் காலைத் தொட்டான். "நின்னப்பம், அவனுக்க சவம் கெட்டிட்டுன்னு நெனைச்சேன்."

பிரீனா அழவில்லை. செல்வியை ஒரு தரம் பார்த்தாள். நான் சொன்னேன் இல்லையா என்று அந்தப் பார்வை கேட்பதாகச் செல்விக்குப் பட்டது. அன்று ராத்திரி முழுக்க அந்தப் பார்வைக்குப் பயந்தே அவள் கண்மூடவில்லை.

மறுநாள் காலையில் மறுபடி நாற்பது வள்ளம் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து ஊசி போட்டு அனுப்பிய மரியான் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். செல்வி முந்தின நாளையப் பாதிக் கிழங்கை வெளியே கொட்டிவிட்டுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தபோது பிரீனா முற்றத்தில் வந்து நின்றாள். தலை சீவியிருந்தாள். வேறு சேலை கட்டியிருந்தாள். செல்வி பானையைக் கீழே வைத்தாள்.

"வா," என்றாள் பிரீனா.

"எங்க மைனி?"

"வயர்லெஸ்ஸுக்கு. இஞ்சினை இன்னொருக்கா நிறுத்தச் சொல்லு."

செல்வி எழுந்து நின்றாள்.

"உனக்க மாப்பிளைக்கு நிறுத்துனியே, ஆளு கெட்டிச்சுல்லா. எனக்க பிள்ளைக்கும் நிறுத்து. பத்து நிமிசம் போராதுன்னா இருவது நிமிசம். அந்தத் தக்கலைப் பயலைக் கூப்பிடு. பிபினுக்குச் சின்னதுலயே சத்தம் பெரிசு. கூப்பிட்டுக்கிட்டேதான் கெடப்பான். இஞ்சின் ஓடுனா எப்பிடிக் கேக்கும்?"

பிபினிடம் வண்டு இல்லை. அவனிடம் நாலு செக்கண்டுக்கு ஒரு தரம் தவறாமல் சத்தம் போடும் எதுவும் இல்லை. செல்வி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கூட நடந்தாள்.

மண்டபத்து பெஞ்சில் படுத்திருந்த ஜெப்சன் எழுந்து உட்கார்ந்தான். செல்வி விஷயத்தைச் சொன்னாள். அவன் பிரீனாவின் சீவிய தலையைப் பார்த்தான். காதுக்கு வைக்கும் கருவியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வள்ளத்தைப் பார்த்து நடந்தான்.

அரை மணி நேரம் கழித்துச் செல்வி மைக்கை எடுத்தாள். "எல்லா வள்ளமும் இஞ்சினை நிறுத்துங்க," என்றாள்.

இந்தத் தரம் யாரும் யாரைக் கண்டாச்சு என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்றும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக அடங்கியது. கரையில் யாரும் அலறவில்லை. கோயில் படியில் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். பிரீனா பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஒரு காதைக் கடலுக்குக் கொடுத்திருந்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் ஆனது. பெட்டியில் ஜெப்சன் பேசவில்லை. பன்னிரண்டு ஆனது. எந்த வள்ளமும் முதலில் இஞ்சினை எடுக்கவில்லை. வெளியே அலை ஏறியிருந்தது. எண்பது பேர் குறுக்கே கிடப்பது செல்விக்கு நினைவு வந்தது. இஞ்சினை எடுக்கச் சொல்ல மைக்கை எடுத்தாள்.

பிரீனா கண்ணைத் திறக்காமலே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லு ஏட்டி," என்றாள். "கேட்டுக்கிட்டிருக்கேன்."